ஓடுகிற மொழியில் சொந்தக் கீவேர்ட்: உள்ளே என்னதான் நடக்கிறது?

"பைத்தானில் இஃப், வைல் மாதிரி எனக்கென்று ஒரு கீவேர்ட் சேர்க்க முடியுமா?" என்று யாராவது கேட்டால், வருகிற பதில்கள் பெரும்பாலும் மூன்று தினுசு. முடியவே முடியாது, மொழியை உருவாக்குகிறவர்கள்தான் சேர்க்க முடியும் என்பார் ஒருவர். ஒரு மேக்ரோ போட்டால் போச்சு, ஒரு வரி வேலை என்பார் இன்னொருவர். அவர் அநேகமாக சி மொழிக்காரராக இருப்பார். மூன்றாமவர் வந்து, மொழியின் மூலநிரலை இறக்கி, இலக்கணக் கோப்பைத் திருத்தி, நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றையும் "கீவேர்ட் சேர்ப்பது" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். கொஞ்சம் நிரல் எழுதிப் பழகியிருந்தால் போதும், நிரலை இயங்கும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

## சதுரங்கப் பலகையில் மூன்று மாற்றங்கள்

சதுரங்கம் ஆடுகிறோம். குதிரை ஒன்று தொலைந்துவிட்டது, அதற்குப் பதில் ஒரு மூடியை வைத்துக்கொள்கிறோம். ஆட்டம் மாறவில்லை. உருவம்தான் வேறு, நகர்வு அதேதான்.

அடுத்தது, குதிரையையும் ராணியையும் சேர்த்து நீங்களே ஒரு தாக்குதல் முறையைக் கண்டுபிடிக்கிறீர்கள், அதற்கு ஒரு பெயரும் வைக்கிறீர்கள். இது புதிய விஷயம்தான், ஆனாலும் விதிப்புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இருக்கிற நகர்வுகளைச் சேர்த்துக் கட்டியதுதான்.

மூன்றாவதாக, இதுவரை எந்தக் காயும் போகாத வழியில் போகிற ஒரு புதுக் காயைப் பலகையில் வைக்கிறீர்கள். இப்போது எதிராளிக்கு விதி தெரிய வேண்டும், நடுவருக்குத் தெரிய வேண்டும், சதுரங்க மென்பொருள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். காயைச் செய்வது அரைமணி நேர வேலை, மற்றதெல்லாம்தான் செலவு.

நிரல்மொழியிலும் இதே மூன்றுதான்: இருக்கிற கீவேர்டுக்கு வேறு பெயர் வைப்பது, இருக்கிறதைக் கொண்டு கீவேர்ட் மாதிரித் தோன்றும் ஒன்றைக் கட்டுவது, இலக்கண விதியையே மாற்றுவது.

## கீவேர்ட் என்றால் சரியாக எது?

நீங்கள் எழுதுகிற நிரல் கணினிக்கு முதலில் வெறும் எழுத்து வரிசைதான். அதைக் கையாளும் முதல் பகுதி, எழுத்துகளைச் சேர்த்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது: ஒரு பெயர், ஒரு எண், ஒரு கூட்டல் குறி, ஒரு அடைப்புக்குறி. இந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். இரண்டாவது பகுதியின் பெயர் பார்ஸர். அது டோக்கன்களை வரிசையாகப் படித்து, மொழியின் இலக்கண விதிகளோடு ஒப்பிட்டு, எது எதற்குள் அடங்குகிறது என்று ஒரு மரம் கட்டுகிறது. "இது ஒரு நிபந்தனை, இதன் சோதனை இந்தப் பக்கம், உடல் அந்தப் பக்கம்" என்கிற மாதிரி. இதைத் தொடரியல் மரம் என்போம். இந்த மரத்திலிருந்துதான் கடைசியில் இயங்கும் கட்டளைகள் உருவாகின்றன.

இந்தப் பாதையில் கீவேர்ட் எங்கே வருகிறது என்றால், பார்ஸரின் விதிகளில். "இஃப் என்ற சொல், பிறகு ஒரு கோவை, பிறகு முக்காற்புள்ளி, பிறகு ஒரு தொகுதி" என்று விதியில் அந்தச் சொல்லே நேரடியாக எழுதப்பட்டிருக்கும். (கோவை என்பது ஒரு மதிப்பைத் தரும் எக்ஸ்பிரஷன், தொகுதி என்பது சேர்ந்து ஓடும் வரிகள்.) அப்படி இலக்கண விதிக்குள் தனக்கென்று ஓர் இடம் பெற்ற சொல்தான் கீவேர்ட். பாடப்புத்தகங்கள் சிறப்புச்சொல் என்று சொல்வதும் இதையே. அப்படி இடம் இல்லாத, நீங்களோ நூலகம் எழுதியவரோ வைத்த பெயர்கள் எல்லாம் சாதாரணப் பெயர்கள்.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் 3-ல் 'பிரிண்ட் = 5' என்று எழுதலாம். முட்டாள்தனம்தான், அதற்குப் பிறகு பிரிண்டை வைத்து எதையும் அச்சிட முடியாது, ஆனால் மொழி அதை ஏற்றுக்கொள்ளும். 'இஃப் = 5' என்று எழுதினால் நிரல் ஓடவே தொடங்காது. அதாவது பிரிண்ட் கீவேர்ட் இல்லை. பைத்தான் 2-ல் கீவேர்டாக இருந்தது, 2008-ல் வந்த 3.0 பதிப்பில் அதைச் சாதாரண ஃபங்ஷனாக இறக்கிவிட்டார்கள். லென், ரேஞ்ச், லிஸ்ட், இன்ட் எதுவும் கீவேர்ட் இல்லை. கிளாஸ் எழுதும்போது தவறாமல் வருகிற செல்ஃப் வெறும் வழக்கம் மட்டுமே, வேறு எந்தப் பெயரும் வைக்கலாம். இன்றைய பைத்தானில் உண்மையான கீவேர்டுகள் மொத்தம் 35 தான்.

இதே காரணத்தால்தான் பைத்தான் 3-ல் வேரியபிள் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடிகிறது, ஆனால் இஃப், வைல் இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுத முடியவில்லை. பெயர்கள் உங்களுடையவை, கீவேர்டுகள் இலக்கணத்துடையவை. முழுக்கத் தமிழ்க் கீவேர்டுகள் வேண்டும் என்று நினைத்தவர்கள் எழில் போன்ற தனி மொழியையே எழுத வேண்டியிருந்தது.

ஆக, இதுவரை: கீவேர்ட் என்பது பட்டியலில் இருக்கும் ஒரு சொல் இல்லை, இலக்கணத்தில் இருக்கும் ஓர் இடம். பட்டியலில் சொல்லை மட்டும் சேர்த்தால், "இதைப் பெயராகப் பயன்படுத்தாதே" என்ற தடை மட்டும்தான் கிடைக்கும். வேறு எதுவும் நடக்காது. ஜாவாவில் கோட்டூ என்ற சொல் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் கிடக்கிறது. கீவேர்ட்தான், ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

## முதல் வேலை: பெயர் மாற்றம்

சி மொழியில் கம்பைலருக்கு முன்னால் ஒரு முன்செயலி ஓடுகிறது. டிஃபைன் என்று ஒரு வரி எழுதினால், "இந்தச் சொல்லைப் பார்க்கும் இடமெல்லாம் அந்தத் துண்டைப் போடு" என்று அது மாற்றிவிடும். இப்படிப்பட்ட மாற்று விதிக்கு மேக்ரோ என்று பெயர். முன்செயலிக்கு இலக்கணம் எதுவும் தெரியாது, டோக்கனைத் தூக்கி டோக்கனை வைக்கும், அவ்வளவுதான்.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு யூனிக்ஸ் வரலாற்றில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஸ்டீபன் பார்ன் என்பவர் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய ஷெல், அதாவது பயனர் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், 1979-ல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு வந்தது. அவருக்கு அல்கால் மொழி பிடிக்கும். ஆகவே இஃப், தென், எல்ஸ், ஃபி என்று பெரிய எழுத்தில் மேக்ரோக்களை வைத்து, இஃப் என்றால் இஃபும் திறக்கும் அடைப்புக்குறியும், தென் என்றால் மூடும் அடைப்புக்குறியும் திறக்கும் நெளிவு அடைப்பும், ஃபி என்றால் மூடும் நெளிவு அடைப்பு என்று அமைத்து, ஷெல் முழுவதையும் அல்கால் போலத் தெரியும் சி-யில் எழுதிவிட்டார். கம்பைலருக்கு அது சுத்தமான சி. படிக்க வந்த சி நிரலாளர்களுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. 1984-ல் தொடங்கிய, வேண்டுமென்றே குழப்பமாக சி எழுதும் சர்வதேசப் போட்டிக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் இந்த ஷெல்லின் மூலநிரலும் ஒன்று.

திரையில் ஜன்னல், பொத்தான் எல்லாம் கொண்ட செயலிகளை எழுத உதவும் க்யூட்டி நூலகத்தின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். சி++-ல் அதைப் பயன்படுத்துகிறவர்கள் சிக்னல்ஸ், ஸ்லாட்ஸ், எமிட் என்றெல்லாம் எழுதுவார்கள். புதிதாக வருபவர்கள் இவை சி++ கீவேர்டுகள் என்றே நினைத்துக்கொள்வதும் உண்டு. எமிட் என்பது உண்மையில் ஒன்றுமே இல்லாததாக விரியும் ஒரு மேக்ரோ. முன்செயலி அதைத் துடைத்துப் போட்டுவிடும். வாசிப்பவருக்கு "இங்கே ஒரு சிக்னல் கிளம்புகிறது" என்று காட்டுவதற்காக மட்டுமே அது இருக்கிறது. சிக்கல் எங்கே வந்தது என்றால், வேறு நூலகம் எதிலாவது சிக்னல்ஸ் என்று ஒரு பெயர் இருந்தால் முன்செயலி அதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடும். ஆகவே இந்தக் குட்டிக் கீவேர்டுகளை அணைத்துவிட்டு, நீளமான மாற்றுப் பெயர்களைப் பயன்படுத்த ஒரு வசதியையும் க்யூட்டியே கொடுக்கிறது.

பெயர் மாற்றத்தால் மொழிக்குப் புதிய திறன் எதுவும் வருவதில்லை. பிழைச்செய்தி வேறு ஏதோ மொழியில் எழுதிய நிரலைப் பற்றிப் பேசுவதுபோல வரும், அதுதான் கண்ட பலன். என்னைக் கேட்டால் விளையாட்டுக்குச் செய்யலாம், மற்றவர்களோடு சேர்ந்து எழுதும் நிரலில் வேண்டாம்.

## இரண்டாவது வேலை: கீவேர்ட் மாதிரி ஒன்று

இனி ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். இணையத்திலிருந்து தரவை இறக்கும் நிரல் எழுதுகிறீர்கள். சில சமயம் தோற்கும். மூன்று முறை முயன்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் லூப்பும் பிழைப்பிடிப்பும் எழுதி அலுத்துப்போய், இப்படி எழுத முடிந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது:

ரிட்ரை 3:
    தரவு = இறக்கு(முகவரி)
    சேமி(தரவு)

பார்க்க அழகாக இருக்கிறது. இதற்குக் கீவேர்ட் வேண்டுமா?

ஃபங்ஷனாக எழுதிப் பார்க்கலாம்: 'ரிட்ரை(3, இறக்கு(முகவரி))'. இது வேலை செய்யாது, காரணம் அடிப்படையானது. பெரும்பாலான மொழிகளில் ஒரு ஃபங்ஷனை அழைப்பதற்கு முன்பே அதற்குக் கொடுக்கும் மதிப்புகள் கணக்கிடப்பட்டுவிடும். அதாவது ரிட்ரை தொடங்குவதற்கு முன்பே இறக்கு ஓடி, தோற்று, பிழையை எறிந்துவிட்டிருக்கும். ரிட்ரைக்கு வாய்ப்பே கிடைக்காது. இஃப், வைல் மாதிரியான கீவேர்டுகளிடம் இருந்து, சாதாரண ஃபங்ஷனுக்கு இல்லாத சக்தி இதுதான்: உள்ளே இருக்கும் தொகுதியை எப்போது ஓட்டுவது, எத்தனை முறை ஓட்டுவது, ஓட்டுவதா வேண்டாமா என்று அவை தீர்மானிக்கின்றன.

நல்ல வேளையாக இதற்குச் சுற்றுவழி உண்டு. தொகுதியின் விடையைக் கொடுக்காமல், தொகுதியையே ஒரு ஃபங்ஷனாகச் சுற்றிக் கொடுத்துவிடலாம். பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதப்படும் இப்படிப்பட்ட குட்டி ஃபங்ஷனை லாம்டா என்பார்கள். ரிட்ரை அதை வாங்கிக்கொண்டு, தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட தடவை அழைக்கும். ரூபியும் காட்லினும் இதற்கென்றே எழுத்துமுறையை வளைத்துக் கொடுத்திருக்கின்றன: கடைசியில் கொடுக்கும் தொகுதியை அடைப்புக்குறிக்கு வெளியே எழுதலாம். விளைவு, காட்லினில் ரிபீட் என்பதும் ரூபியில் லூப் என்பதும் பார்க்க அச்சு அசலாகக் கீவேர்ட் போலவே இருக்கும், ஆனால் இரண்டும் நூலகத்தில் எழுதப்பட்ட சாதாரண அழைப்புகள். ரூபியில் ரெக்வயர், பிரைவேட், அட்ர்_ஆக்செஸர் கூட அப்படித்தான், எல்லாம் மெத்தட்கள்.

அப்படியென்றால் கீவேர்ட் எதற்கு? எல்லாவற்றையும் லாம்டாவை வைத்தே முடித்துவிடலாமே? இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது. தொகுதிக்குள் 'ரிட்டர்ன்' என்று எழுதினால் எதிலிருந்து வெளியேற வேண்டும்? கீவேர்டாக இருந்தால் சந்தேகமே இல்லை, சுற்றியிருக்கும் ஃபங்ஷனிலிருந்து. லாம்டாவாக இருந்தால், பல மொழிகளில், அந்த லாம்டாவிலிருந்து மட்டும்தான். பிரேக் எழுதினால் இன்னும் மோசம், வெளியே இருக்கும் லூப் லாம்டாவுக்குத் தெரியவே தெரியாது. ரூபியின் தொகுதிகளில் ரிட்டர்ன் வெளி மெத்தடிலிருந்தே வெளியேறும். காட்லினில் இன்லைன் என்று குறித்த ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் லாம்டாவிலும் அப்படியே. மற்ற இடங்களில் நீங்கள் கட்டிய போலிக் கீவேர்ட் அங்கேதான் பல்லைக் காட்டும்.

பைத்தானில் நிலைமை கொஞ்சம் இறுக்கம். அதன் லாம்டாவுக்குள் ஒரே ஒரு கோவைதான் எழுத முடியும், பல வரித் தொகுதி முடியாது. சரி, ஒரு தொகுதிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும் வித் என்ற கீவேர்ட் இருக்கிறதே, 'வித் ரிட்ரை(3):' என்று எழுதலாமே என்று பலருக்கும் தோன்றும். முடியாது. வித் தன் உடலை ஒரு முறைக்கு மேல் ஓட்டாது. உள்ளே எழுந்த பிழையை விழுங்கிவிடலாம், ஆனால் மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொல்ல வழியில்லை. ஆகவே டெனாசிட்டி என்ற நூலகம் ஃபார் லூப்பையும் வித் கீவேர்டையும் சேர்த்து ஒரு தந்திரம் செய்கிறது: திரும்பத் திரும்ப ஓட்டுவது ஃபாரின் வேலை, பிழையைப் பிடிப்பது வித்தின் வேலை. அல்லது முழு ஃபங்ஷனையும் திரும்ப ஓட்டினால் போதும் என்றால், ஃபங்ஷனின் தலைக்கு மேல் அட் குறியோடு ஒட்டவைக்கும் டெக்கரேட்டர் போதும். நடைமுறையில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுவே போதுமானது.

இந்தப் பகுதியின் சாரம்: "எனக்குக் கீவேர்ட் வேண்டும்" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியிருப்பது, ஒரு தொகுதியைத் தள்ளிப்போட்டு ஓட்டும் வசதி. அது பல மொழிகளில் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையில் போதாமல் போவது ரிட்டர்ன், பிரேக் போன்ற வெளியேறும் வழிகள் குறுக்கே வரும்போது.

## நடுவில் ஒரு குறுக்குவழி: மரத்தின் மேல் மேக்ரோ

சி-யின் மேக்ரோவுக்கு இலக்கணம் தெரியாது என்று பார்த்தோம். லிஸ்ப் குடும்ப மொழிகளில் மேக்ரோ என்பது முற்றிலும் வேறு ஜாதி. அங்கே மேக்ரோவுக்குக் கிடைப்பது வெறும் டோக்கன் வரிசை இல்லை, தொடரியல் மரத்தின் ஒரு கிளை. அதை வாங்கி, நிரல் கம்பைல் ஆகும்போதே வேறொரு கிளையாக மாற்றித் திருப்பிக் கொடுக்கும். ரிட்ரையை எழுத வேண்டுமானால், "இந்தத் தொகுதியை எடு, அதைச் சுற்றி ஒரு லூப்பையும் பிழைப்பிடிப்பையும் கட்டு" என்று மேக்ரோ எழுதினால் போதும்.

இது எவ்வளவு சக்தி வாய்ந்தது என்பதற்கு லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த க்ளோஜர் நல்ல சாட்சி. கோ மொழியின் அடையாளமே, பல வேலைகளை ஒருசேர ஓட்டவிடும் அதன் இலகு இழைகள். அவற்றை இயக்கும் 'கோ' என்பது அங்கே கீவேர்ட். 2013-ல் க்ளோஜருக்கு அதே பாணியில் 'கோ' வந்தது, ஆனால் மொழியைத் தொடாமல், கோர்.ஏசிங்க் என்ற நூலகமாக, ஒரு மேக்ரோவாக. எலிக்ஸிர் இன்னும் ஒரு படி மேல்: அதில் இஃப், டெஃப், டெஃப்மாட்யூல் எல்லாமே மேக்ரோக்கள். இஃபே கீவேர்ட் இல்லாத மொழி!

ஆனால் மேக்ரோ எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ரிட்ரை விரியும்போது உள்ளே எண்ணிக்கைக்காக 'எண்' என்று ஒரு வேரியபிள் வைத்திருக்கிறீர்கள், பயன்படுத்துகிறவரின் தொகுதியிலும் 'எண்' என்று வேறொன்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் மோதினால் யாருக்கும் புரியாத பிழை வரும். இப்படி மோதாமல் மேக்ரோவின் பெயர்களைத் தனியே பிரித்துவைக்கும் ஏற்பாட்டைச் சுகாதாரம் என்கிறார்கள், நிஜமாகவே அதுதான் கலைச்சொல். ஸ்கீம், ரஸ்ட், எலிக்ஸிர் மூன்றிலும் வெவ்வேறு அளவில் இது உண்டு. பெயர் மோதலை இது தீர்க்கும், பிரேக்கைத் தீர்க்குமா என்பது மொழிக்கு மொழி மாறும். ரிட்ரையை ஃபார் லூப்பாக விரித்தால், பயனர் தன் வெளி லூப்பை நிறுத்த எழுதிய பிரேக், உங்கள் ரகசிய லூப்பைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

ரஸ்ட்டில் மேக்ரோவை அழைக்கும்போது பெயருக்குப் பின்னால் வியப்புக்குறி வரும், பிரிண்ட்எல்என் என்பதற்குப் பின்னால் வருவது அதுதான். "இது ஃபங்ஷன் இல்லை, இங்கே நிரல் விரியப்போகிறது" என்ற எச்சரிக்கை. எனக்கு இது பிடித்த வடிவமைப்பு. லிஸ்ப்பில் எது ஃபங்ஷன், எது மேக்ரோ என்று பார்த்தவுடன் தெரியாது.

## மூன்றாவது வேலை: இலக்கணத்தில் கைவைப்பது

சரி, உண்மையான கீவேர்டுக்கு வருவோம். பைத்தானை எடுத்துக்கொள்ளலாம், அதன் அமைப்பு இந்த விஷயத்தில் வியக்கத்தக்க அளவு தெளிவானது. எளிய உதாரணமாக 'அன்லெஸ்' என்று ஒன்றைச் சேர்ப்போம்: நிபந்தனை பொய்யாக இருந்தால் மட்டும் தொகுதி ஓட வேண்டும்.

பைத்தானின் மூலநிரலில் கிராமர் என்ற அடைவுக்குள் மொழியின் முழு இலக்கணமும் ஒரே கோப்பில் இருக்கிறது. பார்ஸரை இந்தக் கோப்பிலிருந்து ஒரு கருவியே உருவாக்கிவிடுகிறது, யாரும் கையால் எழுதுவதில்லை. நீங்கள் அங்கே ஒரு புது விதி எழுதுகிறீர்கள்: அன்லெஸ் என்ற சொல், ஒரு கோவை, முக்காற்புள்ளி, ஒரு தொகுதி. அப்புறம், கூட்டுக் கட்டளைகள் என்று இஃப், ஃபார், வைல் எல்லாம் வரிசையாக நிற்கும் விதியில் உங்களுடையதையும் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் விதி இருந்தும் பார்ஸர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

கீவேர்டுகளின் பட்டியல் எங்கே என்று தேடாதீர்கள், தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. விதிக்குள் ஒற்றை மேற்கோளில் ஒரு சொல்லை எழுதினாலே அது கீவேர்ட் ஆகிவிடும்.

அடுத்த கேள்வி, இந்த விதி பொருந்தினால் மரத்தில் எதைக் கட்டுவது? இரண்டு வழி. புதுவகைக் கணு (மரத்தின் ஒரு முனை) ஒன்றை அறிமுகப்படுத்தலாம், அப்போது மரத்தின் வரையறை, பெயர்களை ஆராயும் பகுதி, பைட்கோட் (பைத்தான் ஓட்டும் உள்கட்டளைகள்) உருவாக்கும் பகுதி என்று வரிசையாகப் பல இடங்களில் அதற்கும் பதில் எழுத வேண்டும். அல்லது, அன்லெஸ் என்பது "இஃப் நாட்" தானே, ஏற்கெனவே இருக்கும் இஃப் கணுவையே நாட் சேர்த்துக் கட்டிவிடலாம். பிறகு பார்ஸரை மீண்டும் உருவாக்கி, பைத்தானைக் கம்பைல் செய்தால் முடிந்தது. இருக்கிற பொருளுக்கு எழுத வசதியான இன்னொரு வடிவம் மட்டும் கொடுக்கும் இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் தொடரியல் சர்க்கரை என்பார்கள்.

ஒரு பரவலான தவறான எண்ணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பைத்தானில் ஏஎஸ்டி என்ற மாட்யூல் இருக்கிறது, நிரலின் மரத்தை வாங்கி மாற்றலாம், அதை வைத்துப் புதுக் கீவேர்ட் சேர்க்கலாம் என்று சொல்வார்கள். மரம் கையில் கிடைக்க வேண்டுமானால் பார்ஸர் முதலில் நிரலை ஏற்றிருக்க வேண்டுமே? அன்லெஸ் எழுதிய கோப்பை அது முதல் படியிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே செல்லுபடியாகும் நிரலுக்கு வேறு பொருள் கொடுக்கத்தான் அந்த மாட்யூல் உதவும். பைத்தானைத் தொடாமல் புது எழுத்துமுறை வேண்டுமென்றால், பார்ஸருக்குப் போவதற்கு முன்பே உரையைச் சாதாரணப் பைத்தானாக மாற்ற வேண்டும். கோப்பை இறக்குமதி செய்யும் இடத்தில் குறுக்கிட்டு இதைச் செய்யலாம்.

இந்த முன்மாற்ற வழி கேவலமானதும் இல்லை. சி++ பிறந்ததே அப்படித்தான்: பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரூப் எழுதிய சிஃப்ரன்ட் என்ற கருவி, சி++ நிரலைச் சி நிரலாக மாற்றியது, பிறகு சி கம்பைலர் பார்த்துக்கொண்டது. இன்று டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டாக மாறுவதும் அதே வழிதான்.

எந்த வழியில் போனாலும் ஒன்று உறுதி. உங்கள் அன்லெஸ் உங்கள் கணினியில் மட்டும்தான் புரியும். எடிட்டர் அதற்குக் கீழே சிவப்புக் கோடு போடும், நிரலைச் சீர்ப்படுத்தும் கருவி கோப்பைத் தொட மறுக்கும், வகை சரிபார்ப்பான் அலறும்.

## மொழியை உருவாக்குகிறவர்களே ஏன் தயங்குகிறார்கள்?

புதுக் கீவேர்ட் வந்தால், அந்தச் சொல்லைப் பெயராக வைத்திருந்த அத்தனை நிரல்களும் ஒரே நாளில் பிழையாகிவிடும். இது கற்பனைப் பயம் இல்லை. பைத்தானில் ஏசிங்க், அவெயிட் இரண்டும் 2015-ல் 3.5 பதிப்பில் வந்தன. முதலில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கீவேர்டாக நடத்தி, 2018-ல் 3.7-ல் முழுக் கீவேர்ட் ஆக்கினார்கள். மூன்று வருட அவகாசம் இருந்தும், ஏசிங்க் என்ற பெயரில் மாட்யூல் வைத்திருந்த செலரி போன்ற நூலகங்கள் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. ஜாவாவில் 2002-ல் அசெர்ட் கீவேர்ட் ஆனபோது, சோதனை எழுத உதவும் ஜேயூனிட் நூலகம் தன் அசெர்ட் மெத்தடைக் கைவிட்டு அசெர்ட்ட்ரூ பக்கம் போனது. 2004-ல் ஈனம் (enum) என்ற கீவேர்ட் வந்தபோது, எனுமரேஷன் வகை வேரியபிளுக்கு அதே பெயரை வைத்திருந்தவர்கள் எல்லாரும் திருத்த உட்கார்ந்தார்கள்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு மொழியும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. சி 1999-ல் பூல் என்று சேர்க்காமல், முன்னால் அடிக்கோடும் பெரிய எழுத்தும் போட்டு அசிங்கமாக ஒரு பெயரைச் சேர்த்தது, அந்த மாதிரிப் பெயர்கள் மொழிக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பதால். பூல் உண்மையான கீவேர்ட் ஆனது சி23-ல்தான். சி++20-ல் கோரூட்டீன்கள், அதாவது இடையில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்கள், வந்தபோது யீல்டு, அவெயிட் என்று நேராக வைக்காமல் முன்னால் 'கோ_' ஒட்டினார்கள். ரஸ்ட் பதிப்புகள் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: 2018 பதிப்பு என்று அறிவித்த நிரலில் மட்டும் ஏசிங்க் கீவேர்ட், பழைய 2015 பதிப்பு நிரலில் அது சாதாரணப் பெயர், இரண்டும் ஒரே திட்டத்தில் சேர்ந்து கம்பைல் ஆகும். பெயர் இடித்தால் தப்பிக்க ஒரு முன்னொட்டும் உண்டு. மொழியை வளர்க்க நான் பார்த்ததில் மிக நாகரிகமான வழி இதுதான்.

பைத்தானின் இன்றைய வழி மென்கீவேர்ட். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கீவேர்டாக நடந்து, மற்ற இடங்களில் சாதாரணப் பெயராக இருக்கும் சொல் என்று பொருள். 2021-ல் 3.10-ல் வந்த மேட்ச், கேஸ் அப்படிப்பட்டவை, 3.12-ல் வந்த டைப்பும். மேட்ச் என்ற பெயரில் வேரியபிள் வைத்திருந்த பழைய நிரல்கள் எல்லாம் இன்றும் ஓடுகின்றன. இலக்கணக் கோப்பில் இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள்.

அவ்வளவு சுலபமென்றால் அன்லெஸையும் இரட்டை மேற்கோளில் போட்டுவிடலாமே என்று கைகள் துறுதுறுக்கும். போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மேட்ச் வரியை அடுத்து வரி உடைந்து, உள்தள்ளி, கேஸ் வந்தே ஆக வேண்டும், அதனால் வேறு எதோடும் அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. அன்லெஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யாரோ ஒருவர் அன்லெஸ் என்று ஒரு டிக்ஷனரி வைத்து, 'அன்லெஸ்[சாவி]: இன்ட்' என்று வகைக்குறிப்பு எழுதியிருந்தால், அது இன்று செல்லுபடியாகும் பைத்தான். கூட்டுக் கட்டளைகளைப் பார்ஸர் முதலில் முயல்வதால், உங்கள் மாற்றத்துக்குப் பிறகு அதே வரி, சாவியை மட்டும் கொண்ட ஒரு பட்டியலைச் சோதிக்கும் நிபந்தனையாகிவிடும். அந்தப் பட்டியல் காலியாக இல்லாததால் எப்போதும் உண்மை, ஆகவே உடல் ஒருபோதும் ஓடாது, பிழைச்செய்தியும் வராது. ஒற்றை மேற்கோளில் போட்டிருந்தால் குறைந்தபட்சம் நிரல் அந்த வரியிலேயே நின்று கத்தியிருக்கும்.